தூரத்து ஊருக்குப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடித்து உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். அவர் மகளுக்கு 23 வயது. கல்லூரி முடித்ததும், மே மாதக் கடைசியில் மங்கோலியா போனாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டு வேலை. இரண்டரை மாதப் பயிற்சி முடியும் சமயத்தில், போன வாரம்தான் அவளுக்கு எந்த ஊர் என்று சொன்னார்கள். தலைநகரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், மேற்கே ஒரு சின்ன ஊர்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்பா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நீங்க சொன்னா கேப்பா. பக்கத்துல ஒரு ஊர் கேக்கச் சொல்லுங்க. தரலேன்னா கிளம்பி வந்துடச் சொல்லுங்க" என்றார். அடுத்த வாரம் உறுதிமொழி ஏற்பு விழா. அதற்குள் முடிவு தெரிய வேண்டும் அவருக்கு.

நான் சொல்ல மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். போனில் சொன்னதைவிட எழுதினால் தெளிவாக இருக்கும், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெண்ணின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத மாட்டேன். தனியாக இருக்கப்போகிற பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று ஊரறியப் போடுவது சரியில்லை. தெரிந்தவர்கள் கமெண்டிலும் எழுத வேண்டாம்.

முதலில் இது என்ன ஏற்பாடு என்று தெரியாதவர்களுக்காக. பீஸ் கோர் என்று பெயர். அமைதிப் படை என்று மொழிபெயர்த்தால் உங்களுக்கு சத்யராஜ் படம்தான் நினைவுக்கு வரும், அதனால் அப்படியே விட்டுவிடுகிறேன். 1961-ல் ஜனாதிபதி கென்னடி தொடங்கியது. அந்த வருடம் ஆகஸ்டில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குப் போன முதல் குழுவே ஆசிரியர்கள்தான். மொத்தம் 27 மாதம். முதல் மூன்று மாத அளவு பயிற்சி, பிறகு இரண்டு வருடம் பணி. சம்பளம் கிடையாது, உள்ளூர்க்காரர்களைப் போல வாழ்வதற்கான படி மட்டும்.

நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார்கள், 1961 முதல் 1976 வரை. பின்னால் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், தன் 68-வது வயதில் தொண்டராக வந்து பம்பாய் பக்கத்தில் விக்ரோலியில் நர்ஸாக வேலை பார்த்தார். அவர் வயதுக்கு நான் இன்னும் வரவில்லை. முழங்கால் வலி என்று மாடிப்படி ஏற யோசிக்கும்போதெல்லாம் அந்த அம்மாளை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயம். விண்ணப்பம் போடும்போது எந்த நாடு என்று அவர்களே கேட்டுக்கொள்ளலாம். 2014-லிருந்து அப்படி மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டுக்குள் எந்த ஊர் என்பது தொண்டர் கையில் இல்லை. ஒரு பள்ளி எங்களுக்கு ஆள் வேண்டும் என்று கேட்க வேண்டும். அங்கே கூட நின்று பாடம் நடத்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். தங்க வீடு வேண்டும். அலுவலர்கள் நேரில் போய் வீட்டையும், பாதுகாப்பையும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் தொண்டர்களையும் கவனிக்கிறார்கள். உடம்பு எப்படி, மொழி எவ்வளவு வருகிறது, தனியாக இருக்க முடியுமா, விருப்பம் என்ன என்று பேசுகிறார்கள். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஊரைச் சொல்லும் நாள் பெரிய நாளாம். பல நாடுகளில் தரையில் அந்த நாட்டு வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, பெயர் கூப்பிட்டதும் அவரவர் ஊர் இருக்கும் இடத்தில் போய் நிற்கச் சொல்வார்கள். இரண்டரை மாதம் சேர்ந்து சாப்பிட்டுச் சிரித்த கூட்டம், ஐந்து நிமிடத்தில் மூலைக்கொருவராகப் பிரிந்து நிற்கும். பெண் என்னிடம் சொன்னாள், "டீச்சர் பாட்டி, என் பக்கத்துல யாருமே இல்ல" என்று.

அப்பாவின் முதல் கோபம், போகிறவளைக் கேட்காமல் இவர்களாக எப்படி முடிவு செய்யலாம் என்பது. நான் இதற்கு நேர் எதிர். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். கலந்தாய்வில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். திரையில் காலியிடங்கள் வரும். மூப்பு வரிசையில் ஒவ்வொருவராக எடுப்போம். பஸ் வசதி உள்ள ஊர் முதலில் போகும். அடுத்தது மெயின் ரோட்டை ஒட்டிய ஊர். கடைசியில் திரையில் எது மிஞ்சும்? மலையூர், காட்டூர், ஒரே ஒரு ட்ரிப் பஸ் வரும் ஊர். அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லாமலா இருக்கிறார்கள்? யாரையும் குறை சொல்லவில்லை. குடும்பம், உடம்பு, வயதான மாமனார் மாமியார் எல்லாருக்கும் உண்டு. ஆனால் போகிறவர் விருப்பத்துக்கு மட்டும் விட்டால், ஆள் அதிகம் தேவைப்படும் இடம்தான் கடைசியில் நிற்கும்.

மாதச் சம்பளம் வாங்கும் எங்களுக்கே அப்படி என்றால், தொண்டுக்கு என்று போகிறவர் "தொண்டு செய்வேன், ஆனால் இந்த ஊரில்தான்" என்று சொல்வதில் என்ன இருக்கிறது? நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்துக்கு ட்யூஷன் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது. தூரத்து ஊருக்கு யார் இருக்கிறார்கள்?

மங்கோலியாவைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு பரப்பு. ஜனத்தொகை சுமார் 35 லட்சம்தான். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரில். மீதி நாடு 21 மாகாணங்களாகவும், அதற்குள் 330 சோம்களாகவும் பிரிந்திருக்கிறது. சோம் என்பது நம் ஒன்றியம் மாதிரி. நடுவில் ஒரு சின்ன ஊர். அதில் பள்ளி, சுகாதார நிலையம், அரசு அலுவலகம், சில கடைகள். சுற்றிலும் புல்வெளியில் ஆடு, குதிரை, ஒட்டகம் மேய்க்கும் குடும்பங்கள்.

மேய்ச்சல்காரர் வீட்டுப் பிள்ளை தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர முடியாது. அதனால் சோம் பள்ளிகளில் விடுதி உண்டு. ஆறு வயதுப் பிள்ளைகூடச் செப்டம்பர் ஒன்றாம் தேதி பெட்டியோடு வந்து விடுதியில் சேர்ந்துவிடும். அம்மா அப்பா புல்லைத் தேடி மந்தையோடு போய்க்கொண்டிருப்பார்கள். டெக்சாஸில் இருக்கும் பெற்றோருக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். உங்கள் மகள் 23 வயதில் வீட்டைப் பிரிந்திருக்கிறாள். அவள் பாடம் நடத்தப்போகும் பிள்ளைகளில் பலர் ஆறு வயதிலேயே பிரிந்தவர்கள்.

1990 வரை அங்கே பள்ளியில் வெளிநாட்டு மொழி என்றால் ரஷ்யன். ஆட்சிமுறை மாறியபின் ஆங்கிலத்துக்குத் தேவை வந்தது, ஆசிரியர் இல்லை. ரஷ்யன் நடத்திக்கொண்டிருந்தவர்கள் பலர் தாங்களே ஆங்கிலம் படித்து ஆங்கில ஆசிரியர்களாக மாறினார்கள். நாற்பது வயதுக்கு மேல் புது மொழியைக் கற்று, கற்றுக்கொண்டே கற்பித்தவர்கள். ஒரு ஆசிரியையாக நான் அவர்களைக் கும்பிடுகிறேன். 1991-ல் இந்தத் தொண்டர்கள் அங்கே போகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான்.

அடுத்த கேள்வி, ஊரை ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்ல வேண்டும், முதல் நாளே சொன்னால் மனம் தயாராகுமே என்று. எனக்கு இதிலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. முதல் நாளே ஊர் தெரிந்தால் பிள்ளை என்ன செய்யும்? மொழி வகுப்பில் உட்கார்ந்து கூகுள் மேப் பார்க்கும். வீட்டில் இருப்பவர்கள் அதைவிட அதிகம் பார்ப்பார்கள். இரண்டரை மாதம் முழுக்க "அங்கே போக வேண்டாம்" என்ற பேச்சே ஓடும். இப்போது ஒரு வாரத்துக்கே இவ்வளவு! ஊர் தெரியாமல் இருந்ததால்தான் அவள் 35 எழுத்துள்ள அவர்களுடைய சிரிலிக் நெடுங்கணக்கைக் கற்றாள், பயிற்சி ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கி அடுப்பு மூட்டக் கற்றாள், உப்புப் போட்ட பால் டீயை முகம் சுளிக்காமல் குடிக்கக் கற்றாள். இப்போது ஊர் பெயரைக் கேட்டபோது அவளுக்குப் பயம் வந்தது, ஆனால் நிற்கக் காலும் இருந்தது.

இனி அம்மாவின் கவலைகள். குளிர். உண்மைதான், மைனஸ் 30 என்பது அங்கே சாதாரணக் குளிர்காலம். அடுப்பு இல்லாமல் ஒரு ராத்திரி இருக்க முடியாது. நிலக்கரி, விறகு, காய்ந்த சாணம் எரிப்பார்கள். சாணத்துக்கு அர்கல் என்று பெயராம். வறட்டி தட்டிய குடும்பத்துப் பேத்தி அவள், இதற்குப் பயப்பட வேண்டாம் என்று சிரித்தேன். ஆனால் அடுப்புப் புகை விஷயத்தில் சிரிக்கவில்லை. புகைபோக்கி சரியாக இருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். கேட்க வேண்டிய கேள்வி அது.

சாப்பாடு. இவர்கள் வீட்டில் செவ்வாய் வெள்ளி கவுச்சி கிடையாது. அங்கே எல்லா நாளும் ஆட்டு இறைச்சிதான் பிரதானம். ஆனால் பால், தயிர், காய்ந்த கட்டித் தயிர் எல்லாம் தாராளம். தயிருக்குத் தரக் என்று பெயர். அரிசி, மைதா, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் கிடைக்கும். குளிர்காலத்தில் சின்ன ஊரில் பச்சைக் காய் குறைவு. அம்மா பருப்புப் பொடியும் பெருங்காயமும் அனுப்பட்டும். தயிர்சாதம் உள்ள நாட்டில் தமிழ்ப்பிள்ளை பட்டினி கிடக்காது.

தூரம். ஆயிரம் கிலோமீட்டர் என்பது மருத்துவருக்கும் ஆயிரம் கிலோமீட்டர்தான். தொண்டர்களுக்கான மருத்துவர் உலான்பாத்தரில் இருக்கிறார். உள்ளூரில் சுகாதார நிலையம். பெரிய பிரச்சினை என்றால் மாகாணத் தலைநகர் போய் அங்கிருந்து விமானம். இது லேசான விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஆபத்து வந்தால் கூட்டிக்கொண்டு வரத் தெரிந்த அமைப்புதான். 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க எல்லா நாடுகளிலிருந்தும் தங்கள் தொண்டர்களை வெளியேற்றினார்கள்.

இன்னொரு கவலை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னது. "அந்த ஊர்க்காரங்க அமெரிக்க டீச்சர் வராங்கன்னு காத்திருப்பாங்க. இவ போய் நின்னா, நீ அமெரிக்காக்காரி மாதிரி இல்லியேன்னு சொல்ல மாட்டாங்களா?" சொல்வார்கள். உலகத்தில் பல ஊர்களில் கறுப்பு, ஆசிய, லத்தீன் வம்சாவளித் தொண்டர்களிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். சினிமாவில் பார்த்த முகத்தை எதிர்பார்ப்பார்கள். "உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அவள் பிறந்து வளர்ந்த டெக்சாஸிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டுத்தானே வளர்ந்தாள்? ஆனால் ஒன்று. ஆங்கிலம் என்பது ஒரு நிறத்துக்காரர்களின் சொத்து என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருந்தால், இவள் வகுப்பில் நிற்பதே அவர்களுக்கு ஒரு பாடம். தங்களைப் போலவே கறுத்த கூந்தலோடு, வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்த ஒருத்தி இந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறாள் என்றால், நாமும் பேசலாமே என்று தோன்றும். அதைப் பொன்னிறக் கூந்தல்காரர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் தர முடியாது.

பெயர் விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். மங்கோலியர்களுக்கும் நம்மைப் போலவே இனிஷியல்தான். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். கூப்பிடுவது தன் பெயரைச் சொல்லி. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று அமெரிக்க விண்ணப்பத்தில் திண்டாடிய குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வருகைப் பதிவேடு சொந்தப் பதிவேடு மாதிரி இருக்கும்.

சரி, எல்லாவற்றையும் ஆதரிக்கிறேனா என்றால் இல்லை. நான் ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் படித்தவள். இரண்டு வருடம் படித்து, மாதிரி வகுப்பு எடுத்து, பாடக்குறிப்பு எழுதிக் கை வலித்து, அதன் பிறகும் முதல் வருடம் வகுப்பில் தடுமாறியவர்கள் நாங்கள். ஆங்கிலம் பேசத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு. இரண்டரை மாதத்தில் ஆசிரியர் உருவாக முடியாது. பணம் கட்டிவிட்டு இரண்டு வாரம் போய், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துத் திரும்பும் சுற்றுலாத் தொண்டு எனக்குப் பிடிக்காது. ஏழைப் பள்ளி யாருக்கும் பழகிப் பார்க்கும் இடமாக இருக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டில் நான் நம்புவது ஒன்றைத்தான். தொண்டர் தனியாக வகுப்பை எடுத்துக்கொள்வதில்லை, உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து நடத்துகிறார். பாடம் எப்படி நடத்துவது, எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்பது அந்த டீச்சருக்குத் தெரியும். உச்சரிப்பும் பேச்சும் இவளுக்கு வரும். இரண்டு வருடம் கழித்து இவள் போய்விடுவாள், அந்த டீச்சர் இருப்பார். அவருடைய ஆங்கிலமும் தைரியமும் கூடியிருந்தால், அடுத்த இருபது வருடப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரும். "ரெண்டு வருஷத்துல வந்துடுவா, என்ன பிரயோஜனம்?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

எனக்கும் 1985-ல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் உத்தரவு வந்தபோது ஊரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஜவ்வாது மலையில் ஈராசிரியர் பள்ளி. அங்கே ஏற்கெனவே இருந்த ஆசிரியர், முதல் வாரம் பிள்ளைகளின் வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் இல்லாமல் போயிருந்தால் நான் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டேன். ஊர் எவ்வளவு தூரம் என்பது இரண்டு மாதத்தில் பழகிவிடும். பக்கத்து வகுப்பில் யார் இருக்கிறார் என்பதுதான் வேலையை நடத்தும்.

அதனால் இப்படி ஊர் அறிவிப்பு வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு என் ஆலோசனை. வரைபடத்தையும் வெப்பநிலையையும் பார்த்தது போதும். பிள்ளையிடம் இவற்றைக் கேளுங்கள். கூட நடத்தப்போகும் ஆசிரியர் யார், அவரே விரும்பி ஆள் கேட்டாரா? இதற்கு முன் அங்கே தொண்டர் இருந்தாரா, அவர் எதை ஆரம்பித்து வைத்தார்? எந்தெந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள்? வீட்டுக்குக் கதவும் பூட்டும் அடுப்பும் எப்படி, தண்ணீர் எங்கிருந்து? உடம்புக்கு முடியாவிட்டால் முதல் போன் யாருக்கு, வண்டி யாருடையது? இதற்கெல்லாம் பதில் இருந்தால் தூரத்து ஊர் பரவாயில்லை. பதில் இல்லை என்றால் பக்கத்து ஊராக இருந்தாலும் யோசிக்க வேண்டும். பிள்ளை தயங்காமல் அலுவலகத்தில் கேட்கட்டும். அது அடம் ஆகாது.

நான் இந்தக் கேள்விகளைப் பெண்ணிடம் கேட்டேன். பெரும்பாலானவற்றுக்குப் பதில் வைத்திருந்தாள். கூட நடத்தப்போகிறவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள், முன்பு ரஷ்யன் டீச்சர். பயிற்சி இடத்துக்கே அவளைச் சந்திக்க வந்தாராம். தன் ஆங்கிலம் நன்றாக இருக்காது என்று கூச்சப்பட்டாராம். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, தன்னில் பாதி வயதுப் பெண்ணிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார் ஒரு ஆசிரியை. அந்த அம்மாளிடம் போய், "எங்கள் பிள்ளைக்கு உங்கள் ஊர் தூரம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நான் எப்படிச் சொல்லச் சொல்வேன்?

இவளும் அங்கே போய் முதல் இரண்டு மாதம் அதிகம் பேச வேண்டாம், வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனி, எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சரியாகச் சொல்லப் பழகு, பிறகு கற்பி என்று சொல்லியிருக்கிறேன். உடம்புக்கோ பாதுகாப்புக்கோ உண்மையான பிரச்சினை வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கிளம்பி வா, அதில் வெட்கம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். குளிர், தனிமை, அம்மா ஞாபகம் இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

தம்பி, உனக்கு ஒன்று. நீ படிக்க அமெரிக்கா கிளம்பியபோது உன் அம்மா என்னிடம் வந்து இதே மாதிரி அழுதார். உன்னை நிறுத்தச் சொல்லவில்லை, "அங்க அவனுக்கு யாராவது இருப்பாங்களா டீச்சர்?" என்றுதான் கேட்டார். நீயும் உன் மகளிடம் அதைக் கேள். பதில் கிடைத்ததும் கம்பளிச் சாக்ஸ் வாங்கி அனுப்பு.

வெளிநாட்டிலோ, நம் மலைப் பள்ளிகளிலோ தூரத்து ஊரில் வேலை பார்த்த என் பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். அந்த ஊரில் முதலில் உங்களுக்குத் துணையாக இருந்தது யார் என்று எழுதுங்கள். அவள் அப்பா அம்மா படிக்கட்டும்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்